நூலகத்துக்குச் சாவி வாங்கிய கதை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. ஆனால் எங்கள் ஊரில் கல்லூரி வந்தபோது அதற்கு நூலகம் உண்டாக்கியவன் நான்தான். இதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அந்த விவரம் தெரிந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் தாங்கள்தான் உண்டாக்கினோம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், எனக்குச் சாக்கு வியாபாரம். மல்லாட்டைக் கடலை மண்டிகளிலும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கிடங்குகளிலும் கிழிந்து கழித்த சாக்குகளை வாங்கி, உதறி, ஒட்டுப்போட்டுத் தைத்து, மறுபடி அதே ஆட்களுக்கே விற்பேன். அவர்கள் கழித்ததையே அவர்களுக்கு விற்கத் தனித் திறமை வேண்டும். தலைச்சுமையாக ஆரம்பித்தேன். நாற்பது வயதில் சொந்தக் கிடங்கு, தைப்பதற்கு வரிசையாகப் பெண்கள், வாசலில் இரட்டை மாட்டு வண்டி. எங்கள் அத்தா எனக்கு விட்டுப்போனது ஒரு கோணி ஊசி. வேறு எதுவும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் வரை எங்கள் ஊர்ப் பையன்கள் எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேலே படிக்க வேண்டுமென்றால் சிதம்பரத்துக்குத்தான் போக வேண்டும். காலையில் ரயிலேறிப் போய்ச் சாயங்காலம் கரி படிந்த சட்டையோடு திரும்புவார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அண்ணாமலை நகரில் லாட்ஜில் தங்கினார்கள். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தால் அத்தோடு சரி. இதைப் பார்த்துத்தான் ஊரில் வியாபாரிகள், வக்கீல்கள், மாதா கோயில் பங்குச் சாமியார், எங்கள் ஜமாத் என்று எல்லாரும் கூடி, துறைமுகத்துப் பக்கம் சும்மா கிடந்த ஒரு பழைய பங்களாவைப் பிடித்துக் கல்லூரி தொடங்கினோம். அரசாங்கம் கட்டியது இல்லை, ஒரு தனவந்தர் கட்டியதும் இல்லை. பெஞ்சு ஒருவர், கரும்பலகை ஒருவர், கிணற்றுக்கு ராட்டினம் ஒருவர். முதல் வருஷம் பி.யு.சி., அதாவது பட்டத்துக்கு முந்தின ஒரு வருஷ வகுப்பு, மட்டும். பட்ட வகுப்பு வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்திலிருந்து கமிஷன் வந்து பார்த்து அனுமதி தர வேண்டும்.

என் மூத்த மகள் அந்த முதல் பி.யு.சி. வகுப்பில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள்தான் முதல். கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நான் ஜமாத்தில் எழுந்து நின்று சொல்லியிருந்தேன்: "என் மவ ரயிலேறிப் போவாது, ஆஸ்டல்ல தங்காது. நம்ம ஊரு காலேஜ்லயே பட்டம் வாங்குற வரைக்கும் படிக்கும்." அப்படி ஒருத்தரும் அதற்கு முன்னே எழுந்து நின்று சொன்னதில்லை. பெரியவர்கள் தாடியைத் தடவிக்கொண்டார்களே ஒழிய மறுத்துப் பேசவில்லை. அதே சமயத்தில் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு நல்ல இடம் பெண் கேட்டுக்கொண்டிருந்தது. "படிப்பு முடியட்டும்" என்று சொல்லி வைத்திருந்தேன். பட்ட வகுப்பு வராவிட்டால் ஏப்ரல் பரீட்சையோடு படிப்பு முடிந்துவிடும். அது எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரிக்குத் தெரியும், மகளுக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

கமிஷன் வருவதற்கு முன்னால் நூலகம் இருக்க வேண்டும் என்று பிரின்ஸ்பால் சொன்னார். கூட்டத்தில் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான்தான் "நான் கொண்டாறேன்" என்றேன். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போது எனக்கும் பதில் இல்லை. வீட்டுக்கு வருகிற வழியில் பதில் கிடைத்துவிட்டது.

ஓ.டி.யில் கிடங்கு வாடகைக்கு எடுக்கும் முறை ஒன்று உண்டு. கட்டடம் ஒருவருடையதாக இருக்கும். உள்ளே நாலு தடுப்பு, நாலு வியாபாரி. ஒவ்வொரு தடுப்புக்கும் அவரவர் பூட்டு, சாவி அவரவர் இடுப்பில். கட்டடக்காரன்கூட உள்ளே கை வைக்க முடியாது. அதனால்தான் ஆள் தெரியாதவன்கூட நம்பிச் சரக்கை இறக்குகிறான். புத்தகத்துக்கும் அதே முறையைச் சொன்னேன். "ஒரு பீரோ குடுங்க, உள்ளார பொஸ்தகத்த வச்சுக் குடுங்க. பீரோ மேல உங்க பேரு. பூட்டு உங்களுது, சாவி உங்ககிட்ட." சும்மா புத்தகம் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் பஞ்சாங்கமும் பழைய பாடப் புத்தகமும்தான் வந்திருக்கும். இப்படிக் கேட்டதும் போட்டி கிளம்பிவிட்டது. எதிர் வீட்டுக்காரர் மூன்றடுக்கு பீரோ கொடுத்தால் இவர் நாலடுக்குக் கொடுத்தார்.

பங்குச் சாமியார் ஒரு பீரோ அனுப்பினார். காலமாகிவிட்ட ஒரு வக்கீலின் வீட்டம்மா, அவர் வைத்திருந்த சட்டப் புத்தகங்களையும் சரித்திரப் புத்தகங்களையும் இரண்டு பீரோவில் அடுக்கி அனுப்பினார். அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரி ஒருவர், என் பழைய வாடிக்கைக்காரர், ஒரு பீரோ வாங்கி, அது நிறையும் வரை மதராஸில் புத்தகம் வாங்கி அடைத்து அனுப்பினார். என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரியின் அண்ணன், பினாங்கில் பதினைந்து வருஷம் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்த ஆங்கிலப் புத்தகங்கள், முதுகில் தங்க எழுத்துப் போட்டவை, ஒரு பெரிய கண்ணாடி பீரோவோடு அவரிடம் இருந்தன. வண்டியில் ஏற்றிப் பின்னாலேயே நடந்து வந்தார். நூலக அறையின் நடுவில்தான் வைக்க வேண்டும் என்று நின்றார். வைத்தோம்.

நானும் மூன்று பீரோ கொடுத்தேன். அதற்குப் புத்தகம் வாங்கச் சிதம்பரம் போனேன். படித்து முடித்த மாணவர்கள் லாட்ஜைக் காலி செய்யும்போது விற்றுவிட்டுப் போகும் புத்தகங்கள் அங்கே கடைகளில் குவிந்து கிடக்கும். நான் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவன். கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதாக எடுத்தேன். எல்லாம் சரித்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. பரவாயில்லை, ஒரு பக்கம்கூடக் கிழியாத சரக்கு.

அறை நிறைந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் மூக்கில் விரலை வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் நூலகர் வந்தார். அண்ணாமலை நகரில் நூலகப் படிப்புப் படித்துவிட்டு வந்த சின்ன வயசுக்காரர், ஒல்லி, சட்டையின் கழுத்துப் பட்டனைக்கூடப் போட்டிருப்பார். நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒவ்வொரு பீரோவின் கதவையும் இழுத்துப் பார்த்தார்.

"சாவியெல்லாம் எங்க பாய்?"

"அவுங்கவுங்க வீட்டுல."

"எவுங்க வீட்டுல?"

"பீரோ குடுத்தவுங்க வீட்டுலதான்."

அவர் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்போ ஒரு பையனுக்குப் புஸ்தகம் வேணும்னா?"

"பியூனை அனுப்பு. அவனுக்கு எல்லார் வீடும் தெரியும்."

"அண்ணாகிராமத்துக்குமா?"

"பஸ் இருக்குது தம்பி."

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. இது லைப்ரரி இல்ல. குடோன்."

"குடோன்தான். என் குடோன்ல இதுவரைக்கும் ஒரு சாக்கு களவு போனதில்ல, தெரியுமா?"

"இங்கயும் போவாது பாய். எடுத்தாத்தானே போவும்."

வாய் ஜாஸ்திதான். ஆனால் வேலை தெரிந்தவர். எனக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னார். சரித்திரம் ஒரு இடம், கணக்கு ஒரு இடம், தமிழ் ஒரு இடம் என்று எல்லார் புத்தகத்தையும் கலந்து பொருள்வாரியாக அடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும். பிள்ளைகள் தாங்களே வந்து எடுத்துப் பார்க்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். கமிஷன் வந்தால் முதலில் கேட்கப்போவது பிள்ளைகள் என்ன எடுத்துப் படித்தார்கள் என்பதைத்தான். "ஒண்ணுமே வெளியில போவலன்னா, டிகிரி கிளாஸ் எதுக்குன்னு கேப்பாங்க பாய். அனுமதி கிடைக்காது."

"நான் வாக்குக் குடுத்துருக்கேன் தம்பி. பூட்டு அவுங்களுதுன்னு சொல்லித்தான் வாங்குனேன்."

"நீங்கதானே குடுத்தீங்க, நீங்களே போயிப் பேசுங்க."

நான் போகவில்லை. வியாபாரத்தில் எனக்கு முதல் என்று ஏதாவது உண்டென்றால் அது வாக்குதான். அதில் கை வைக்க எனக்கு இஷ்டமில்லை. ஒரு மாதம் அப்படியே போயிற்று.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகளுக்கு அரையாண்டுப் பரீட்சைக்கு ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. அது அவளுடைய மாமாவின் கண்ணாடி பீரோவில் இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பேரைப் படிக்க முடிகிறது, எடுக்க முடியவில்லை. மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள். மாமா பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். சாவி அவர் இடுப்பில் கட்டும் பச்சை பெல்ட்டில், அவரோடு போய்விட்டது. அவர் திரும்பி வந்தபோது பரீட்சை முடிந்துவிட்டது.

"பொஸ்தகம் மாமா இடுப்புல இருக்குது அத்தா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க அண்ணன ஏன் இழுக்கறே?" என்றாள் அவள் அம்மா.

"இழுக்கலம்மா. அவரு பெல்ட்டோட ரொம்ப தூரம் போயிட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். ஆனால் கை கழுவும்போது சிரிப்பு நின்றுவிட்டது. கமிஷன் வர இன்னும் சில வாரம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கிடங்கில் முத்திரை அடிக்கும் வேலை. தகரத்தில் எழுத்து வெட்டி, அதைச் சாக்கின் மேல் வைத்து மையைத் தேய்த்தால் வியாபாரியின் பேர் விழும். அண்ணாகிராமத்துக்காரரின் பேர் போட்ட சாக்கை நான் விழுப்புரம் சந்தையில் பார்த்திருக்கிறேன். பாண்டிச்சேரியில் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை மதராஸ் ரயிலடியில் ஒரு கூலியாள் அதை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் போகாத ஊருக்கெல்லாம் அவர் பேர் போயிருக்கிறது. அந்தத் தகரத்தைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. பி.ஏ. படித்தவர்கள் எத்தனையோ பேர் கல்லூரிக் கமிட்டியில் இருந்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாளே அண்ணாகிராமத்துக்குப் பஸ் ஏறினேன். முந்திரி வியாபாரி தோட்டத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பீரோ மேல உங்க பேரு இருக்குதே, யாரு பாக்கறாங்கன்னு நெனைக்கறீங்க?" என்று ஆரம்பித்தேன்.

"யாரு பாக்கறாங்க?"

"பியூன் பாக்கறான். பல்லி பாக்குது."

"அட."

"அதே பேர ஒரு ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு, ஒவ்வொரு பொஸ்தகத்துக்கு உள்ளாரயும் அடிச்சிட்டா? ஒருத்தன் திருவந்திபுரத்துக்கு எடுத்துனு போவான். ஒருத்தன் நெல்லிக்குப்பத்துக்கு எடுத்துனு போவான். அவன் படிப்பான், அவன் அண்ணன் படிப்பான். பொஸ்தகம் போற வூட்டுக்கெல்லாம் உங்க பேரு போவும். பூட்டிக் கெடந்தா எங்க போவும்?"

அவர் யோசித்தார். வியாபாரி அல்லவா. "ஒரு பொஸ்தகத்துல எத்தினி எடத்துல அடிப்பீங்க?"

"மொதப் பக்கத்துல."

"நடுவுல ஒண்ணு, கடைசில ஒண்ணு அடிங்க பாய். மொதப் பக்கத்தக் கிழிச்சிட்டான்னா எம் பேரு போயிடுமே."

சரி என்றேன். இதை நூலகரிடம் சொன்னபோது அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். பெரிய நூலகங்களிலும் அப்படித்தான் உள்ளே ஒரு பக்கத்தில் மறைவாக முத்திரை வைப்பார்களாம்.

பங்குச் சாமியாரிடம் பேசவே வேண்டியிருக்கவில்லை. "எங்க கோயிலையே நாங்க பகல்ல பூட்டறதில்ல பாய். நீங்க சொன்னதுக்காகத்தான் பீரோவுக்குப் பூட்டு வாங்குனோம்" என்று சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். மற்றவர்களும் முந்திரி வியாபாரி சம்மதித்தார் என்றதும் ஸ்டாம்பு பெரிதா சின்னதா என்றுதான் கேட்டார்கள். வக்கீல் வீட்டம்மா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். அவர் வீட்டுக்காரர் புத்தக ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாராம். மத்தியானத்தில் வந்து உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுப் போக இடம் வேண்டும் என்றார். வெளியாட்களை எப்படி விடுவது என்று பிரின்ஸ்பால் இழுத்தார். "பொஸ்தகம் குடுத்தவுங்க வெளியாள்னா, நாம எல்லாருமே வெளியாள்தான் சார்" என்றேன். அதற்குப் பிறகு அந்த அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு தினமும் வந்தார். அவரைப் பார்த்து, தந்தி ஆபீஸ்காரர் ஒருவர் வந்தார், துறைமுகத்துக் குமாஸ்தாக்கள் வந்தார்கள். ஊர்க்காரர்களும் உட்கார்ந்து படிக்கலாம் என்ற வழக்கம் அந்தக் கல்லூரியில் அப்படி வந்ததுதான். அதுவும் என்னால்.

மச்சானைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார்.

"வாங்க மச்சான். இன்னா, கோணி யாவாரம் மந்தமா? பொஸ்தக யாவாரத்துல எறங்கிட்டீங்களாமே."

"மந்தம் இல்ல மச்சான். உங்க இடுப்புல சாவிக் கொத்து ஜாஸ்தியா தொங்குது. ஒண்ண எறக்கி வச்சா நடக்கறதுக்குச் சுளுவா இருக்குமேன்னு வந்தேன்."

"நான் எங்க நடக்கறேன்? படுத்துனுதானே இருக்கேன்."

ரப்பர் ஸ்டாம்பு விஷயத்தைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கப்பல்ல வந்த பொஸ்தகம் மச்சான் அது. துரை வூட்டுப் பொஸ்தகம். அதுல போயி மூட்ட மேல அடிக்கற மாதிரி முத்திர அடிப்பீங்களா? சாக்குக்காரன் புத்தி சாக்குக்குள்ளதான் போவும்."

"அந்தச் சாக்குக்காரனுக்குத்தான் உங்க தங்கச்சியக் குடுத்தீங்க."

"அப்ப எங்க அத்தா இருந்தாரு. என்னை யாரு கேட்டா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நீங்க இன்னா வாக்குக் குடுத்தீங்க? எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. பூட்டு உங்களுது, சாவி உங்களுதுன்னு."

"சொன்னேன்."

"மத்தவுங்க மாத்திக்கட்டும். நான் மாத்திக்கல. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீ குடித்துவிட்டு வந்தேன். வாக்கைச் சொல்லிக் கேட்பவரிடம் எதைச் சொல்லிப் பேசுவது?

நூலகரும் மாணவர்களும் மற்ற பீரோக்களைத் திறந்து, புத்தகங்களைத் தரையில் குவித்து, துடைத்து, எண் ஒட்டி அடுக்கினார்கள். என் வண்டியும் என் ஆட்களும் பகல் முழுக்க அங்கேதான். பீரோக்களின் கதவுகளைக் கழற்றியே வைத்துவிட்டோம். ஆனால் அறையின் நடுவில் மச்சானுடைய கண்ணாடி பீரோ மட்டும் பூட்டோடு நின்றது. எல்லா விஷயமும் சேர்ந்த பெரிய புத்தக வரிசை அதில்தான் இருந்தது. கமிஷன் கட்டாயம் அதைத் திறந்து பார்க்கக் கேட்கும் என்றார் நூலகர். "இது மட்டும் பூட்டியிருந்தா, மத்ததெல்லாம் அவுங்க வராங்கன்னு தொறந்து வச்ச வேஷம்னு நெனச்சிடுவாங்க பாய்." அவர் சொன்னதை மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தன் அம்மாவோடு மாமா வீட்டுக்குப் போனாள். எனக்குச் சொல்லவில்லை. அங்கே நடந்ததை என் வீட்டுக்காரி அன்று சாயங்காலம் வந்து சொன்னாள்.

எங்களிலும் பெண்ணின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் உண்டு. எல்லா ஜாதிக்காரர்களிடமும் இந்தப் பக்கத்தில் அது உண்டு. மருமகள் வாய் திறந்து சீர் கேட்டால் மாமன் இல்லை என்று சொல்லக்கூடாது, சொன்னால் ஊர் சிரிக்கும். என் மச்சான் பர்மாத் தேக்கில் பீரோ செய்து போடுவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, எனக்கு சீர் செய்வீங்கதானே?" என்று கேட்டிருக்கிறாள்.

"இது இன்னா கேள்வி? மரம் அறுத்துக் காயுது."

"எனக்கு அது வேணாம் மாமா. காலேஜ்ல இருக்கற பீரோவோட சாவி குடுங்க. அதான் எனக்கு சீர்."

மச்சான் தங்கையைப் பார்த்திருக்கிறார். "இது உங்க வூட்டுக்காரரு சொல்லிக் குடுத்த பேச்சா?"

"அவருக்கு நாங்க வந்ததே தெரியாதுண்ணே" என்றிருக்கிறாள் என் வீட்டுக்காரி. மகள் என்ன கேட்கப்போகிறாள் என்று அவளுக்கும் அங்கே போய்த்தான் தெரியுமாம்.

"ஏம்மா, போற எடத்துல, மாமன் வூட்டு பீரோ எங்கன்னு மாமியாரு கேட்டா இன்னா சொல்லுவே?"

"காலேஜ்ல இருக்குது, வந்து பாருங்கன்னு சொல்றேன்."

அவர் பெல்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாராம். பிறகு, "கேட்டுட்டே. இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா பர்மாத் தேக்கு கெடையாது, ஆமா. சீருன்னா ஒரு தடவதான்" என்றாராம்.

மறுநாள் காலையில் சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு அவரே கல்லூரிக்கு வந்தார். நூலகரிடம் சாவியைக் கொடுக்கவில்லை. பெல்ட்டிலிருந்து எடுத்துத் தன் கையாலேயே திறந்தார். கடற்கரை ஊர் அல்லவா, உள்ளே பூஞ்சை வாடை. நூலகர் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். நாலைந்து பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு தகட்டை விட்டு மெதுவாகப் பிரித்தார். மச்சான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மற்ற அலமாரிகளுக்குப் போய் நாலு புத்தகத்தைப் பிரித்து முந்திரி வியாபாரியின் ஸ்டாம்பைப் பார்த்தார்.

"எனக்கும் அடிச்சிடுங்க" என்றார் நூலகரிடம். "கொஞ்சம் பெரிசா."

கமிஷன் வந்தது. மூன்று பேர். நான் வாசலில் நின்று வரவேற்றேன், பிரின்ஸ்பால் எனக்குப் பின்னால் நின்றார். நூலகத்துக்குள் நுழைந்தபோது வக்கீல் வீட்டம்மா சன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். கமிஷனில் வந்த பெரியவர் ஒருவர் அவரிடம், "நீங்க இங்க ஆசிரியரா?" என்று கேட்டார். "இல்லீங்க. இது எங்க வூட்டுப் பொஸ்தகம். படிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பெரியவர் அதை ரசித்த மாதிரித்தான் இருந்தது. பிள்ளைகளிடம் என்ன எடுத்தீர்கள், என்ன படித்தீர்கள் என்று கேட்டார்கள். என் மகள் இங்கிலீஷில் பதில் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. ஆனால் கேட்டவர் இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை, அதைப் பார்த்தேன்.

சரித்திர அலமாரிகளுக்கு முன்னால் வெகு நேரம் நின்றார்கள். மச்சானுடைய பீரோவில் இரண்டு புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு கெமிஸ்ட்ரி எங்கே என்றார்கள். நூலகர் காட்டினார். ஒரு தட்டில் பாதி. அதிலும் பள்ளிக்கூடப் புத்தகம்தான் ஜாஸ்தி. கொடுத்தவர்களிடம் அது இல்லை, என்னிடமும் இல்லை. பின்கட்டில் ஆய்வுக்கூடம் என்று வைத்திருந்த அறையையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் பரீட்சை முடிந்த பிறகு கமிஷனின் முடிவு வந்தது. சரித்திரத்தில் பி.ஏ. வகுப்புக்கு அனுமதி. விஞ்ஞானம் எதற்கும் இல்லை. பிரின்ஸ்பால் அதைப் படித்துச் சொன்னதும் கமிட்டியில் எல்லாரும் எழுந்து கை கொடுத்தார்கள். ஊரார் தொடங்கிய புதுக் கல்லூரிக்கு முதல் வருஷத்திலேயே பட்ட வகுப்பு கிடைப்பது சாதாரணம் இல்லை என்றார்கள். நூலகத்தினால்தான் கிடைத்தது என்று பிரின்ஸ்பால் எல்லார் முன்னாலும் சொன்னார். கடைத்தெரு முழுக்க நான் இனிப்புக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்.

"கெமிஸ்ட்ரி இல்லியா அத்தா?"

"இப்போதிக்கு சரித்திரம் குடுத்துருக்காங்க. கெமிஸ்ட்ரிக்கு பொஸ்தகமும் பத்தல, சாமானும் பத்தலன்னுட்டாங்க."

"நம்ம பீரோ மூணும் சரித்திரம்தானே" என்றாள்.

"ஆமா. ஊருல யாருகிட்ட இருக்குது அவ்ளோ?"

அவள் லேசாகச் சிரித்தாள். அப்போது மச்சானும் வந்திருந்தார். "சிதம்பரத்துக்கு ரயில்ல அனுப்புங்க மச்சான். ஒரு மணி நேரம். அங்க கெமிஸ்ட்ரி இருக்குது. போயிட்டு வரட்டும்" என்றார்.

"ஜமாத்துல எழுந்து நின்னு சொன்ன வார்த்த மச்சான். ரயிலேறாதுன்னு."

"என் பூட்டுக்கு மட்டும் உங்க வார்த்த வளைஞ்சிச்சு."

"நான் வளைக்கல. நீங்களா தொறந்தீங்க."

அவர் என் மகளைப் பார்த்தார். அவள் டீ டம்ளர்களை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "பாரத்துல சரித்திரம்னே எழுதிக் குடுங்க அத்தா. படிக்கறேன்" என்றாள். மறுநாள் நானே கூடப் போய்ச் சேர்த்தேன்.

மூன்று வருஷமும் படித்தாள். எங்கள் ஜமாத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் என் மகள்தான். பரங்கிப்பேட்டைக்காரர்கள் அதுவரைக்கும் காத்திருந்தார்கள், பட்டம் என்றதும் இன்னும் மரியாதையாகவே வந்து கட்டிக்கொண்டு போனார்கள். மாமன் வீட்டு பீரோ எங்கே என்று மாமியார் கேட்கத்தான் கேட்டாராம். அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

கெமிஸ்ட்ரி வகுப்பு அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்தது. இந்தத் தடவை நான் தூக்கிப் பார்த்து வாங்கவில்லை. நூலகரைக் கூட்டிக்கொண்டு மதராஸுக்கே போய், அவர் காட்டியதையெல்லாம் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். மூட்டை கட்டுவதற்கு என்னைவிட யார் இருக்கிறார்கள்? முதல் வருஷமே பெண்கள் சேர்ந்தார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் தெருப் பிள்ளைகள். பரங்கிப்பேட்டைக்குச் சாக்கு ஏற்றிக்கொண்டு போன வண்டிக்காரனிடம் மகளுக்குச் செய்தி சொல்லி அனுப்பினேன். சந்தோஷம் என்று சொல்லச் சொன்னாளாம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கெமிஸ்ட்ரிக்கு என்னென்ன புத்தகம் வாங்கினார்கள் என்று அவனிடம் கேட்டிருக்கிறாள். அவனுக்குத் தெரியவில்லை.